வெளிமாநிலத்து வரிசை

சயந்தினிக்கு ஓரிடத்தில் அமர்ந்து பேச வராது. கிழக்கு லண்டனில், பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு கல்லூரியில் அவர் உயர்கல்வி ஆலோசகர். அவருடைய அறையில் இரண்டு நல்ல கதிரைகள் உண்டு. இரண்டிலும் பிள்ளைகள்தான் இருப்பார்கள். அவர் யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தபடியே கேள்வி கேட்பார். அறை போதாமல் போனால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளியே நடைகூடத்துக்குப் போய்விடுவார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் மற்ற ஆசிரியர்கள் கண்ணாடிக் கதவு வழியாக அவர் இரண்டு மூன்று தரம் கடந்து போவதைப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க விரும்பும் பிள்ளைகள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அந்த வேலையை அவர் தேடிப் போகவில்லை. அதைப் பார்த்துவந்த ஆசிரியர் ஓய்வு பெற்றபோது வேறு யாரும் கை உயர்த்தவில்லை. சயந்தினி ஒரு கோடை விடுமுறை முழுவதும் வாசித்தார். அங்கே மாநில அரசுகள் நடத்தும் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு முதலில் இடம் கொடுக்கும். வெளியிலிருந்து வருபவர்களுக்கு வேறு வரிசை, வேறு கட்டணம். பக்கத்து மாநிலத்தில் இருப்பவனும் வெளியாள்தான், லண்டனில் இருப்பவளும் வெளியாள்தான். எந்தப் பல்கலைக்கழகம் வெளியாட்களுக்கு எவ்வளவு கதவு திறக்கிறது, எந்தப் பாடத்துக்கு அந்தக் கதவு இன்னும் ஒடுங்குகிறது என்பதையெல்லாம் அவர் விசாரித்து அறிந்துகொண்டார். நான்கைந்து வருடங்களில், ஒரு பிள்ளையின் பெறுபேறுகளையும் அது கேட்கும் பாடத்தையும் பார்த்துவிட்டு, இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஓரளவு சரியாகச் சொல்லும் ஆளாகிவிட்டார்.

சொல்வதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டபோது, அவருடைய வழக்கைப் பார்த்தவர் ஒவ்வொரு தரமும் "யோசியாதேங்கோ தங்கச்சி, கட்டாயம் கிடைக்கும்" என்றே சொன்னார். அதை நம்பி, ஈஸ்ட் ஹாமில் தான் வாடகைக்கு இருந்த சின்ன அறைக்குத் தானே மஞ்சள் பெயின்ட் அடித்தார் சயந்தினி. பெயின்ட் மணம் போகுமுன் நிராகரிப்பு வந்தது. மேன்முறையீட்டில் பிறகு வென்றார் என்றாலும், இடையில் கழிந்த வருடங்களில்தான் இந்த நடக்கும் பழக்கம் அவரிடம் ஒட்டிக்கொண்டது. தபால்காரர் வரும் நேரத்தில் ஓரிடத்தில் இருக்க முடியாது. அவர் போன பிறகும் இருக்க முடியாது. தன்னிடம் வரும் எந்தப் பிள்ளைக்கும் "யோசியாதே" என்று மட்டும் சொல்வதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

ஒரு ஒக்டோபரில், கிழக்கு லண்டனின் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். ஜதுர்ஷிகா, ஜதுசன். இரண்டு பேரும் கேட்டது கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றை. ஜதுர்ஷிகா கல்லூரியிலேயே முதல் வரிசை மாணவி. ஆசிரியர்கள் அவளுக்கு எல்லாப் பாடத்திலும் அதியுயர் புள்ளியோடு சித்தி வரும் என்று எழுதியிருந்தார்கள். அவளுக்குக் கணினி விஞ்ஞானம் வேண்டும். ஜதுசன் நடுத்தரத்துக்குச் சற்று மேலே. அவனுக்கு வேண்டியது மண் விஞ்ஞானம்.

"மண்ணோ?" என்று சயந்தினி நடையை நிறுத்திக் கேட்டார்.

"ஓம் மிஸ். நான் சனிக்கிழமையில கொம்யூனிட்டி கார்டனில வேலை செய்யிறனான். அங்க நிலத்தில நேர நட ஏலாது. பழைய ஃபாக்டரி இருந்த இடம், ஈயம் கலந்திருக்கு. பெட்டி கட்டி வேற மண் போட்டுத்தான் நடுவம். அந்தக் கீழ் மண்ணை என்ன செய்யலாம் எண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை."

சயந்தினி அவனை இன்னும் நிறையப் பேசவிட்டார். பிறகு இருவரின் பெறுபேறுகளையும் வாங்கிப் பார்த்தார். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு ஜதுர்ஷிகாதான், "ஒண்டாவே சொல்லுங்கோ மிஸ், பிறகு இவன் என்னட்டத்தான் வந்து கேப்பான்" என்றாள்.

"ஜதுசனுக்குப் பாதிக்குப் பாதி எண்டு சொல்லுவன். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்."

"எனக்கு?"

"கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு, வெளியாக்களின்ர வரிசையில... இருவதில ஒண்டு. அதுவும் வராமல் போகலாம்."

ஜதுர்ஷிகா சிரித்தாள். தன் தம்பியைப் பார்த்தாள், மறுபடி சயந்தினியைப் பார்த்தாள். "மிஸ், மாறிச் சொல்லுறியள் போல."

"மாறிச் சொல்லேல்லை. உலகம் முழுக்க இருக்கிற உன்னைப்போல கெட்டிக்காரப் பிள்ளையள் எல்லாம் அந்த ஒரு வாசலிலதான் வந்து நிக்கினம். உன்ர தம்பி நிக்கிற வாசலில சனம் குறைவு. நீ கணிதம் எண்டு போட்டா உனக்கும் கொஞ்சம் கூடும்."

"இல்லை மிஸ். நான் கம்ப்யூட்டர்தான்."

ஜதுசன் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல செய்தி தனக்கு வந்ததற்காக அவன் வெட்கப்படுகிறான் என்று சயந்தினிக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அவர்களுடைய தகப்பன் நித்தியானந்தன் கல்லூரி வாசலில் காத்துக்கொண்டு நின்றார். அவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த சின்ன வெள்ளைக் கார்.

"ஏறுங்கோ தங்கச்சி. பிளேஸ்டோவிலதானே வீடு, கதைச்சுக்கொண்டு போவம்."

சயந்தினி ஏறினார். பழக்குகிறவர் வழக்கமாக இருக்கும் பக்கம் அது. காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

"நீங்கள் ஜதுர்ஷிகாவுக்கு என்ன சொன்னனியள்? பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறாள் இல்லை."

"உள்ளதைச் சொன்னனான் அண்ணை."

"நானும் பிள்ளையளை டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறனான். பாதிப் பேர் ஃபெயில் எண்டு எனக்குத் தெரியும். ஆனா ஒரு பிள்ளைக்கும் வாசலில வைச்சு அதைச் சொன்னதில்லை. நீ பாஸ் எண்டுதான் சொல்லுவன். பயந்த பிள்ளை வட்டச்சந்தியில கட்டாயம் பிழை விடும்."

"டெஸ்ட்டில பிள்ளை கார் ஓடுறது பிள்ளையின்ர கையில இருக்கு அண்ணை. இது அப்பிடியில்லை. அவள் நல்லா ஓடினாலும் இடம்..." பேச்சின் வேகத்தில் சயந்தினியின் கால் எதையோ அழுத்தியது. பார்க்கிங் ரோட்டின் நடுவில் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது.

"அதில காலை வைக்காதேங்கோ," என்றார் நித்தியானந்தன். பிறகு, காரை மறுபடி எடுத்துக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டார். அவருடைய மனைவி தவமலரின் அண்ணன் சண்முகராசா கலிபோர்னியாவில் இருபது வருடமாக இருக்கிறார். பிள்ளைகள் அவருடைய விலாசத்தைப் போட்டால் உள்மாநிலத்து வரிசையில் வராதா?

"வராது. அட்ரஸை மட்டும் பார்க்கமாட்டினம். தாய் தேப்பன் எங்க இருக்கினம், எங்க வரி கட்டினம் எண்டு கேப்பினம். பொய் எண்டு தெரிஞ்சா, கிடைச்ச இடத்தையும் எடுத்துப்போடுவினம்."

"நாங்கள் இந்த நாட்டுக்கு வரேக்க எத்தினை அட்ரஸ் மாத்தி மாத்தி எழுதினனாங்கள் தங்கச்சி. நீங்கள் எழுதேல்லையோ?"

சயந்தினி காலைப் பிரேக்கிலிருந்து இன்னும் தள்ளி வைத்தார். எழுதியிருக்கிறார். கார் அப்டன் பார்க்கைத் தாண்டியது.

"எழுதினனான்," என்றார் கடைசியில். "எனக்கு அப்ப வேற வழியில்லை. ஜதுர்ஷிகாவுக்கு இருக்கு. மான்செஸ்டர் யூனிவர்சிட்டி இருக்கு, வேற இடங்கள் இருக்கு. அவளை முதல் நாளே பொய்யோட அனுப்பாதேங்கோ."

வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்ட நித்தியானந்தன், "நீங்கள் பிள்ளையின்ர மனசை உடைச்சுப்போட்டியள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த விலாசப் பேச்சு நித்தியானந்தன் வீட்டில் முடிந்த விதத்தை ஜதுசன்தான் பிறகு வந்து சொன்னான். சண்முகராசா மாமா வீடியோவில் வந்து, என்ர அட்ரஸைப் போடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன் என்று சொல்லியிருக்கிறார். ஜதுர்ஷிகா தாயின் கையிலிருந்து போனை வாங்கி, "மாமா, நான் பார்க்கிங்கில இருக்கிறன். பார்க்கிங் எண்டுதான் எழுதுவன்" என்றாளாம். அதோடு அந்தக் கதை நின்றது. ஆனால் தகப்பனின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. அவளுக்கே கிடைக்காது என்கிற இடம் மண்ணைக் கேட்கிறவனுக்கு எப்படிக் கிடைக்கும், நீயும் கம்ப்யூட்டர் எண்டு போடு, பிறகு ஒரு தொழிலாவது மிஞ்சும் என்று ஜதுசனை நெருக்கினார்.

"நீ என்ன சொன்னனி?" என்று சயந்தினி கேட்டார். அன்று இருவரும் நடைகூடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை மிஸ்."

"கம்ப்யூட்டர் எண்டு போட்டா நீயும் அந்த வாசலிலதான் நிப்பாய். உன்ர மார்க்ஸுக்கு அங்க ஒண்டும் வராது."

"அது தெரியும். எனக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது எண்டதுதான் அப்பாவுக்குச் சொல்ல வேணும். அதுதான் கஷ்டம்."

சொன்னான் போலிருக்கிறது. விண்ணப்பம் மண் விஞ்ஞானத்துக்கே போனது. இருவரும் அந்தப் பல்கலைக்கழகம் கேட்ட நான்கு சிறு கட்டுரைகளை எழுதிக்கொண்டுவந்து காட்டினார்கள். ஜதுசனுடையதில் எழுத்துப்பிழைகள் இருந்தன, மண்புழுக்களும் இருந்தன. ஜதுர்ஷிகாவுடையதில் ஒரு பிழையும் இல்லை. "சுத்தமா இருக்கு" என்று சொல்லிச் சயந்தினி திருப்பிக் கொடுத்தார். நவம்பர் முடிவதற்குள் எல்லாம் அனுப்பியாகிவிட்டது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. மார்ச் வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. சயந்தினிக்கு ஒவ்வொரு வருடமும் இந்த மாதங்கள்தான் மோசமானவை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போவார். சோறு அடுப்பில் இருக்கும்போதே மேல்மாடிக்கு ஏறி இறங்குவார். அவருடைய கணவர் யுவனேஸ்வரன் மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவர், படிக்க வந்து இங்கேயே தங்கியவர். ரயில் கம்பெனி ஒன்றில் நேர அட்டவணை போடுகிறவர். ரயில் தாமதமானால்கூடப் பதறாத மனிதர்.

"உக்காரு சயந்தி. நீ நடந்தா அங்க ரிசல்ட் சீக்கிரம் வந்துடுமா?"

"இந்த முறை ரெண்டு ரிசல்ட்டும் ஒரு வீட்டில."

"ஆமா. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

சயந்தினி மறுபடி மேல்மாடிக்கு ஏறினார்.

தை பிறந்த பிறகு நித்தியானந்தன் அழைக்கத் தொடங்கினார். கோபமாகப் போனவர், முதலில் ஏதோ ஒரு சான்றிதழைப் பற்றிக் கேட்டார். அடுத்த முறை காரணமே இல்லை. "ஏதும் வந்ததோ தங்கச்சி?" என்பார். "வந்தா பிள்ளையளுக்குத்தான் அண்ணை முதல் வரும்" என்பார் சயந்தினி. "ஓம், ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கமாட்டார். இரண்டு பாடங்களுக்கு இடையில், ஏதோ ஒரு தெருவோரத்தில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பது இண்டிகேட்டர் சத்தத்தில் தெரியும். ஒரு நாள், "பழக வாற பிள்ளை பிரேக் போட முதல் நான் போட்டுடுறன். ஒரு பிள்ளை என்னோட சண்டைக்கு வந்திட்டுது" என்றார். தன்னைப்போல இன்னொரு ஆளும் லண்டன் தெருக்களில் இருக்க முடியாமல் அலைகிறார் என்பது சயந்தினிக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மார்ச்சில் ஒரு வெள்ளி மாலை முடிவு வந்தது. ஜதுசனுக்கு இடம் கிடைத்தது. ஜதுர்ஷிகாவுக்குக் கிடைக்கவில்லை.

சயந்தினி சொன்னது அப்படியே நடந்திருந்தது. அந்தச் சனி ஞாயிறு முழுவதும் அவர் வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். தன் கணிப்புப் பிழைத்துப் போக வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஜதுர்ஷிகா தனியாக வந்தாள். கதிரையில் இருந்தாள். முகத்தில் அழுத தடம் இல்லை.

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் மிஸ்."

"என்ர கணிப்புப் பிழைக்க வேணும் எண்டுதான் நினைச்சனான்."

"தெரியும்." அவள் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"அண்டைக்கு நான் உங்களிட்டைச் சான்ஸ் எவ்வளவு எண்டு கேக்க வரேல்லை. எப்பிடி அப்ளை பண்ணுறது எண்டு கேக்கத்தான் வந்தனான். நீங்கள் இருவதில ஒண்டு எண்டு சொன்ன பிறகு, அந்த நாலு எஸ்ஸேயும் எழுதேக்க, ஏற்கெனவே இல்லை எண்டு பதில் வந்த ஆள் மாதிரித்தான் எழுதினன். பிழை விடாமல் எழுதினால் போதும் எண்டு எழுதினன். உங்களில பிழை எண்டு சொல்ல வரேல்லை மிஸ். சும்மா, உங்களுக்குத் தெரிய வேணும் எண்டு சொல்லுறன்."

சயந்தினி யன்னலோரம் நின்றுவிட்டார். 'சுத்தமா இருக்கு' என்று தான் சொல்லித் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டுரைகளை அவர் வாசித்திருந்தார். எழுதியவள் அதற்குள் இல்லை என்பது அப்போது அவர் கண்ணில் படவில்லை. தான் சொன்ன அந்த எண்ணுக்கு ஏற்றபடி ஒரு தாள் வந்திருந்தது, அவ்வளவுதான்.

"நான் கவனிச்சிருக்க வேணும்," என்றார்.

"இனி என்ன மிஸ். மான்செஸ்டர் ஓகே எண்டு சொல்லிட்டினம்." அவள் எழுந்தாள். வாசலில் நின்று திரும்பி, "இப்ப பிரச்சினை அவன்தான். நான் இல்லாமல் போகமாட்டானாம். நீங்கள் அவனோட கதையுங்கோ. நான் கதைச்சா அடிச்சுப்போடுவன்" என்றாள்.

அன்று சயந்தினி பஸ் ஏறவில்லை. கல்லூரியிலிருந்து பிளேஸ்டோ வரை நடந்தார். வீட்டில் யுவனேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ சொல்லலைன்னாலும் இதே ரிசல்ட்தான் வந்திருக்கும்."

"வந்திருக்கும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஆனா உனக்கும் தெரியாது."

அதுதான் சயந்தினியை ஓரிடத்தில் இருக்கவிடாத விஷயம். இருபதில் பத்தொன்பது பேருக்குக் கிடைக்காத இடத்தில் அவளுக்கும் கிடைக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஒன்று இவளாக இருந்திருக்குமோ? அதை எந்தக் கணக்கும் இனிச் சொல்லாது. பொய் நம்பிக்கை ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உண்மை என்ன செய்யும் என்று அவர் ஒருபோதும் பார்த்ததில்லை.

ஜதுசனோடு பேசியது அதிக நேரம் இல்லை. அவன் தலையைக் குனிந்தபடி, "அவள்தான் மிஸ் எனக்கும் சேர்த்துப் படிச்சவள்" என்றான்.

"அதுக்காக நீ போகாமல் விட்டா, அவளுக்குக் கிடைக்கேல்லை எண்டதை அவள் ஒவ்வொரு நாளும் உன்ர முகத்திலதான் பார்க்க வேண்டியிருக்கும். அதை அவளுக்குச் செய்யாதே. உனக்குப் போக விருப்பமில்லை எண்டா, அது வேற. விருப்பம் இருக்கோ?"

அவன் தலையை நிமிர்த்தினான். "இருக்கு" என்றான்.

ஏப்ரல் முடிவதற்கு முன் அவன் சம்மதம் அனுப்பினான். வெளியாட்களுக்கான கட்டணத்தில் ஒரு பங்கைச் சண்முகராசா மாமா ஏற்றுக்கொண்டார். மருமகள் போனில் சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லையாம். சிரித்துச் சிரித்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு நித்தியானந்தன் சயந்தினியைப் பார்க்கிங்கிலிருந்த தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். தவமலர் இடியப்பமும் மீன் குழம்பும் வைத்திருந்தார். கூடத்தின் நடுவில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்று கலிபோர்னியாவுக்கு, ஒன்று மான்செஸ்டருக்கு. எந்தக் குளியல் துவாய் யாருடையது என்று இரட்டையர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சயந்தினி தட்டோடு நின்றுகொண்டே சாப்பிட்டார். நித்தியானந்தனும் அப்படித்தான் சாப்பிட்டார். பிள்ளைகள் மேல்மாடிக்குப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். உள்ளதைச் சொல்லுங்கோ. அவன் ஒரு நாளும் தனிய இருக்காத பிள்ளை. அங்க சமாளிப்பானோ? எத்தினைக்கு எத்தினை?"

"அதுக்கு என்னட்டைக் கணக்கு இல்லை அண்ணை."

"சும்மா ஒரு மதிப்பு."

"எனக்குத் தெரியாது. உண்மையாத் தெரியாது."

நித்தியானந்தன் தலையாட்டினார்.

"நீங்கள் தெரியாது எண்டு சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்றார் அவர். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.

செப்டெம்பரில் ஒரு பிள்ளை விமானத்திலும் ஒரு பிள்ளை ரயிலிலும் போனார்கள். ஜதுசன் முதல் இரண்டு மாதமும் அழுகிற குரலில்தான் வீட்டுக்குப் பேசினான் என்றும், பிறகு ஒருநாள் ஏதோ வயலில் நின்று நெடுநேரம் மண்ணைப் பற்றியே பேசினான் என்றும் தவமலர் சொன்னார். ஜதுர்ஷிகா சயந்தினிக்கு எப்போதாவது செய்தி அனுப்புவாள். பெரும்பாலும் மழையைப் பற்றி. ஒருமுறை மட்டும், மேற்படிப்புக்கு மறுபடியும் அங்கே கேட்டுப் பார்க்கப் போகிறேன், சான்ஸ் எவ்வளவு என்று சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தாள். சயந்தினி 'சரி' என்று மட்டும் பதில் போட்டார்.

அவர்கள் போன அடுத்த மாதம், ஒக்டோபரில், சயந்தினியின் அறைக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். இப்போது அவர் பெறுபேறுகளை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே வாய் திறப்பதில்லை. "நான் கணிச்சுச் சொல்ல ஏலும். இப்பவே சொல்லட்டோ, எல்லாம் எழுதி அனுப்பின பிறகு சொல்லட்டோ, இல்லாட்டி சொல்லாமலே விடட்டோ?" என்று கேட்கிறார். சிலர் உடனே கேட்கிறார்கள். சிலர் பிறகு என்கிறார்கள். கிங்ஸ்பரியிலிருந்து இரண்டு ரயில் மாறி வரும் ஒரு பெண் பிள்ளை மட்டும், "உங்களுக்கு எது சுகம் மிஸ்?" என்று திருப்பிக் கேட்டாள்.

சயந்தினி அவளையும் கூட்டிக்கொண்டு நடைகூடத்துக்குப் போனார். அன்று அவர்கள் வெகுநேரம் நடந்தார்கள்.